பால் ஸ்டோர் வாசம் வீசும் இருட்டறை

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். பள்ளிவிட்டு வரும் வழியில்தான் பால் ஸ்டோர். விடிகாலையில் வெட்டிய பால் வாளி வாளியாக அங்கே வந்து சேரும். வடிகட்டி, தண்ணீர் கலந்து, நீளத் தொட்டிகளில் ஊற்றி, அமிலம் விடுவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்தப் புளித்த வாசம் அப்பாவின் சட்டையோடு வீட்டுக்கு வரும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பல வருடம் கழித்து, சுங்கை பட்டாணியில் ஒரு வாடகை வீட்டின் குளியலறையில் முதல்முதலாகக் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவினேன். இரண்டாவது போத்தலின் மூடியைத் திறந்ததும் அதே வாசம். அப்பா கதவருகே வந்து நின்றதுபோல இருந்தது.

நினைவு செய்யும் வேலை என்றுதான் அப்போது எண்ணினேன். வேதியியலைப் புரட்டிப் பார்த்தபிறகு தெரிந்தது, மூக்கு சொன்னது சரி. ஸ்டோரில் விட்டது பார்மிக் அமிலம். மரத்தில் கூடு கட்டும் முசுறு எறும்பு நம்மைக் கண்டால் பீய்ச்சுவதும் அதுதான். பிலிம் கழுவும்போது இரண்டாவதாக ஊற்றுவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது. இரண்டும் அண்ணன் தம்பி. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பாலை உறையவைக்க அசிட்டிக் அமிலத்தையே பயன்படுத்தினார்கள். விலை மலிவு என்பதால் பார்மிக் அமிலம் பிறகு அந்த இடத்துக்கு வந்தது.

உறவு அமிலத்தோடு நிற்கவில்லை. பால் ஸ்டோரிலும் இருட்டறையிலும் நடப்பது ஏறத்தாழ ஒரே நாடகம். ரப்பர் பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துளிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறையில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். அமிலம் விட்டதும் மின்னூட்டம் தணியும், துளிகள் ஒட்டிக்கொள்ளும், பால் தயிர்போலத் தோய்ந்துவிடும். பிலிமின் மேல் பூசியிருப்பதும் இப்படியொரு கலவைதான். அதில் சிதறிக் கிடப்பவை சில்வர் புரோமைடு படிகங்கள். பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவற்றைப் பிரித்துப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து காய்ச்சி எடுக்கும் புரதம் அது.

இந்த ஜெலட்டின் வெறும் பசை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டினில் சில்வர் புரோமைடைக் கலந்து பூசிக் காட்டினார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு புதிர் நீடித்தது. ஒரு கொப்பரை ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியைச் சட்டென்று பிடிக்கும், இன்னொரு கொப்பரையில் செய்தது மந்தமாக இருக்கும். கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் 1925-இல் விடையைச் சொன்னார். காரணம் கந்தகம். மாடு மேய்ந்த கடுகு போன்ற செடிகளின் காரச்சத்தில் உள்ள கந்தகம், ஜெலட்டின் வழியாகப் பிலிமுக்குள் வந்து, படிகங்களின் மேல் மிக நுண்ணிய சில்வர் சல்பைடுப் புள்ளிகளை வைக்கிறது. ஒளியைப் பிடிக்கும் கண்ணிகள் அந்தப் புள்ளிகள்தான். ரப்பர் வரலாறு தெரிந்தவர்களுக்குக் கந்தகம் பழைய ஆள். பிசுபிசுவென்று உருகும் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதியான பொருளாகும் என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839-இல். டாகேரின் ஒளிப்பட முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே 1839-இல்தான். டயரின் ரப்பருக்கும் படத்துக்கும் ஒரே பிறந்த ஆண்டு. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தந்த செய்தி.

சரி, கேமராவின் பொத்தானை அழுத்தும்போது பிலிமுக்குள் என்ன ஆகிறது? சுங்கை பட்டாணியின் மணிக்கூண்டருகே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1936-இல் கட்டியது அது. எதிர்வரிசைக் கடையின் அஞ்சடியில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் நாளிதழ் விரித்திருக்கிறார். சட்டையில் பட்டுத் திரும்பிய ஒளி, ஐந்நூறில் ஒரு விநாடி நேரம் பிலிமைத் தொடுகிறது. ஒளித்துகள் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரானை உதறிவிடுகிறது. அது அலைந்து திரிந்து, முன்பு சொன்ன சல்பைடுப் புள்ளியில் சிக்கிக்கொள்கிறது. எதிர் மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு ஒரு வெள்ளி அயனி நகர்ந்து வந்து, எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு வெள்ளி அணுவாகிறது. மறுபடி ஓர் எலக்ட்ரான், மறுபடி ஓர் அயனி. ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் கூடிவிட்டால் போதும், அந்தப் படிகம் ஒளியைக் கண்டதற்கு அடையாளம் பதிந்துவிட்டது. இந்த விளக்கத்தை 1938-இல் தந்தவர்கள் ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும்.

நான்கு அணுக்களை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அந்த நிலையில் பிலிம் வெறும் சாம்பல் நிறப் பட்டை. ஆனால் பெரியவர் உள்ளே இருக்கிறார். கண்ணுக்குப் புலப்படாமல் காத்திருக்கும் இந்தப் படத்தை வெளியே கொண்டுவருவதுதான் கழுவுதல்.

டெவலப்பர் என்பது எலக்ட்ரான்களைக் கொடுக்க ஆசைப்படும் ஒரு காரக் கரைசல். நான்கு அணுப் புள்ளி உள்ள படிகத்தில் அது நுழைவாயிலைக் காண்கிறது. படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. புள்ளி இல்லாத படிகத்தை, குறித்த நேரம்வரை, தொடாமல் விடுகிறது. நான்கு அணு பெருகிப் பல நூறு கோடி அணுவாகிறது. வீட்டுக் குளியலறையில், பிளாஸ்டிக் டேங்க் ஒன்றில், சில நிமிடத்தில் இவ்வளவு பெருக்கம். இவ்வாறு நுண்மணிகளாகப் பிரிந்த வெள்ளி மின்னாது, கறுப்பாகத்தான் தெரியும். அதனால் வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கறுப்பு.

டெவலப்பரில் மிகப் பழகியது டி-76. கோடாக்கின் ஜான் கேப்ஸ்டாஃப் 1926-இல் உருவாக்கியது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். கடைசிப் பெயரைப் பாருங்கள். தோட்டத்தில் பால், ஸ்டோருக்கு வந்து சேருமுன் வாளியிலேயே திரிந்துவிடாமல் இருக்கப் போடும் மருந்துகளில் சோடியம் சல்பைட்டும் ஒன்று. இருட்டறையில் அது டெவலப்பரைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது. இரண்டு இடத்திலும் அதன் வேலை, காலத்துக்கு முன்னால் கெடாமல் பார்த்துக்கொள்வது.

நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டிவிட்டு அந்தப் புளிப்பு நீரை ஊற்றுகிறோம். காரம் இல்லாவிட்டால் டெவலப்பருக்கு வேலை ஓடாது. அமிலம் பட்டதும் நின்றுவிடும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. காரத்தில் ஊறி உப்பியிருந்த ஜெலட்டின், பி.எச். ஐந்தருகே வரும்போது தன் மின்னூட்டத்தை இழந்து சுருங்கிக் கெட்டிப்படுகிறது. ரப்பர் பாலும் ஏறத்தாழ அதே புளிப்பில்தான் உறைகிறது. அப்பா தொட்டியில் செய்ததையே நான் டேங்கில் செய்துகொண்டிருந்தேன். இதைப் புரிந்துகொண்ட நாளில், இந்தக் கலை ஏதோ வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எனக்குள் இருந்த எண்ணம் போய்விட்டது. கெடா தோட்டத்து மக்கள் மூன்று தலைமுறையாகக் கையால் செய்த வேதியியல் இது.

அடுத்து ஹைப்போ. ஒளி காணாத படிகங்கள் இன்னும் பிலிமில் இருக்கின்றன. அப்படியே வெளிச்சத்தில் எடுத்தால் அவையும் நாளடைவில் கறுத்துவிடும். அவற்றைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டிருந்தார். ஒளிப்படம் பிறந்தபோது இருபது ஆண்டுக்கு முந்திய அந்தக் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களை ஒளிப்படத்துக்குத் தந்தவரும் அவரே.

இனி நம்மூர்ச் சிக்கலுக்கு வருகிறேன். நூல்களும் டப்பாக்களும் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி. கெடாவில் குழாயைத் திறந்தால் 28 டிகிரித் தண்ணீர் வரும். மதியத்தில் கூரைத் தொட்டித் தண்ணீர் அதற்கும் மேலே. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் கழுவும் நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கவேண்டும். எச்பி5 பிளஸ் பிலிமை, டி-76-க்கு நிகரான ஐடி-11 டெவலப்பரைச் சமபங்கு நீரில் கலந்து கழுவினால், 20 டிகிரியில் 13 நிமிடம். 28 டிகிரியில் ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும். அதனால்தான் வெப்ப நாட்டில் டெவலப்பரை நீர்க்கவிட்டு, நேரத்தை நீட்டிக்கொள்வது நல்லது என்கிறேன்.

நான் முதலில் செய்த பிழை வேறு. நூல் சொன்ன 20 டிகிரிக்குக் கட்டுப்பட்டு, மூலைக்கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து டெவலப்பரைக் குளிரவைத்தேன். எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசினேன், அது 29 டிகிரி. காயவைத்துப் பார்த்தபோது பிலிம் முழுக்க வெடித்த வயல்போல நுண்ணிய சுருக்கங்கள். குளிரில் இறுகியிருந்த ஜெலட்டின் சட்டென்று சூடு பட்டு உப்பிச் சுருண்டிருந்தது. இன்றைய பிலிம்களின் ஜெலட்டினை ஆலையிலேயே நன்கு கெட்டிப்படுத்தி விடுகிறார்கள், எளிதில் இப்படி ஆகாது. என் சுருளோ காலாவதியாகிப் பல ஆண்டு ஆனது. அதிலிருந்து கற்றது இதுதான்: எந்த வெப்பநிலையில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள். 27 என்றால் எல்லாப் போத்தலும் அலசும் தண்ணீரும் 27. பெரிய பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் அரைமணி நேரம் அதில் நிற்கவைத்தால் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். ஏர்கோன், ஐஸ் எதுவும் வேண்டாம்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. பிலிமை ரீலில் சுற்றும் வேலையை மட்டும் முழு இருட்டிலோ ஒளி புகாத பைக்குள் கைவிட்டோ செய்யவேண்டும். மழை பெய்து புழுங்கும் இரவில், கை வியர்த்தால் ஜெலட்டின் பிசுபிசுத்து ரீலில் பாதிவழியில் நின்றுகொள்ளும். பிடித்து இழுத்தால் மடியும். அப்போது கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, பொறுமையாக மறுபடி தொடங்குவதே வழி. பிலிமை டேங்கில் மூடிவைத்துவிட்டுத்தான் கையை எடுக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டெவலப்பருக்கு வழியில்லை என்றால் கோப்பியிலும் கழுவலாம். 1995-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் செய்து காட்டியது இது. கோப்பியில் உள்ள காஃபியிக் அமிலம் போன்ற பொருள்களின் மூலக்கூறு அமைப்பு டெவலப்பரை ஒத்திருக்கிறது. தூக்கம் விரட்டும் காஃபீனுக்கு இதில் பங்கில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் கோப்பித் தூள் 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம், நம்மூரில் அதைவிடக் குறைவு. பாலும் சீனியும் கலந்த பாக்கெட் தூள் உதவாது. சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் ஒன்றல்ல, சமையல் சோடாவின் காரம் போதாது. படம் வரும். நாற்றமும் வரும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தெருவில் படமெடுப்பதற்குக் கெடாவின் வெயில் கடுமையான வாத்தியார். பழைய விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் துளை எஃப் 16, வேகம் பிலிமின் எண்ணுக்கு அருகில், 400 பிலிம் என்றால் ஐந்நூறில் ஒரு விநாடி. நடுரோட்டுக்கு இது சரி. அஞ்சடிக்குள் கால் வைத்தால் வெளிச்சம் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று விழுந்துவிடும். தோட்டத்தில் பால் மரத்து நிழலும் அப்படித்தான். ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும் அந்தச் சில வாரம் மட்டும் வெயில் நேராகத் தரையில் விழும், மங்குகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். நிழலுக்கு ஒளி அளந்து படமெடு, வெளிச்சப் பகுதிக்கு ஏற்பக் கழுவும் நேரத்தைக் குறை என்பது கறுப்பு வெள்ளைக்காரர்களின் பாலபாடம். வெப்பத்தில் டெவலப்பர் வேகமாக ஓடி வெளிச்சப் பகுதியைக் கனமாக்கிவிடுவதால், நமக்கு இது இரட்டிப்புப் பொருத்தம்.

முகங்களைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஒளியளவி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு கறுத்த மனிதரை நிறுத்தினால், அது சுவரையும் சட்டையையும் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். முகம் கரிக்கட்டையாகும். இதற்கு முன் இருந்த தடை இன்னும் பெரிது. தொடக்ககாலப் பிலிம்கள் நீலத்தை மட்டுமே கண்டன, பிறகு பச்சையையும் கண்டன. சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. நம்முடைய மாநிறமும் கறுப்பும் சிவப்பொளியைத்தான் கூடுதலாகத் திருப்பி அனுப்புகின்றன. அதைக் காணாத பிலிமில் தோல் உண்மையைவிட இருண்டு பதியும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பிலிமின் பார்வையை விரிக்க வழி கண்டார். 1906 முதல் எல்லா நிறத்தையும் காணும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. பழைய படங்களில் நம் முன்னோர் நிழல் உருவங்களாகத் தெரிவதற்கு ஒரு பங்கு பிலிமின் குருட்டுத்தனம், ஒரு பங்கு அவர்கள் முகத்துக்கு ஒளி அளக்க யாரும் மெனக்கெடாதது. இன்று பிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கிறது. நாம் செய்யவேண்டியது, ஒளியளவியை முகத்துக்கு அருகே கொண்டுபோய் அளப்பது. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால், அந்த அளவுக்கு அருகே போக யாரும் மறுப்பதில்லை.

என் தாத்தாவின் முதல் படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயது நிறைந்த ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் தந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்து மக்களில் பலர் கேமரா முன்னால் நின்றது அதுவே முதல் தடவை. அரசு கண்காணிப்புக்காக எடுத்த படம்தான், ஆனால் எங்கள் வீட்டில் தாத்தாவின் இளமைக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. பிரட்டுக் களத்தில் அவர் எப்படி நின்றார், லயத்து வாசலில் எப்படி உட்கார்ந்தார் என்பதற்குப் படம் இல்லை. அந்த லயமும் இப்போது இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது.

படம் இருந்தால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி அளந்து, எண்ணிட்டு, பதிவு செய்யப்பட்ட பழங்காலக் கட்டடம். 2013-இல் அது வீடமைப்பு நிலத்துக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. பதிவு அதை நிறுத்திவைக்கவில்லை. ஆனால் என்ன இழந்தோம் என்று இன்று சொல்ல முடிவது அந்தப் பதிவால்தான். கூலிம், லூனாஸ், பீடோங் பழைய கடைவரிசைகளும், இன்னும் மிச்சமிருக்கும் தோட்டத்துக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களும் பதிவின்றிப் போனால் அப்படிச் சொல்லவும் முடியாது.

வீட்டில் கழுவத் தொடங்குபவர்கள் பயன்படுத்திய ஹைப்போவை மட்டும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது, நீர்வாழ் உயிர்களுக்கு அது ஆகாது. கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி மீட்கும் வசதியுள்ள ஆய்வகத்திடம் கொடுக்கலாம். அலசத் தண்ணீரும் நிறைய வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மூன்றாவதாக இருபது தடவை. மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்துவிடும்.

கழுவிக் காய்ந்த நெகட்டிவுக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது. பிலிமின் அடித்தாள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துச் சுருளுக்கும் பரவும். 21 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையிலேயே ஏறத்தாழ 40 ஆண்டில் இது தொடங்கிவிடும். கெடாவின் வெக்கையில் அவ்வளவு காலம் காத்திருக்காது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எடுத்த நம் கல்யாணங்கள், திருவிழாக்கள், தோட்டத்துப் பந்து விளையாட்டுகள் எல்லாம் பழைய பிஸ்கட் டின்களில் இந்த நிலையில்தான் கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலோ தாத்தா பாட்டி வீட்டிலோ அப்படியொரு டின் இருந்தால் இந்த வாரமே திறந்து முகர்ந்து பாருங்கள். பால் ஸ்டோரை நினைவூட்டும் புளிப்பு வாசம் வந்தால், அந்தச் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். ஸ்கேனர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளைத் திரை ஒளிரும் கைப்பேசியின் மேல் நெகட்டிவை வைத்து, இன்னொரு கைப்பேசியால் ஒவ்வொன்றாகப் படமெடுத்துவிடுங்கள். அருகில் பெரியவர்களை உட்காரவைத்து, யார் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.